வியாழக்கிழமை அம்மா லேட்டாத்தான் வருவாங்க!

காலை அஞ்சே காலிலிருந்து ஏழே கால் வரைக்கும் எங்கள் வீட்டு ஹாலில் வந்து நின்று பாருங்கள். ‘இதுக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே தேவலை’ என்று ஓடியே போய்விடுவீர்கள்!

குக்கர் ஒரு பக்கம் கத்தும். மிக்ஸி இன்னொரு பக்கம் கத்தும். “ஏம்மா, என் ஐ.டி. கார்டு எங்க?” - இது நான். “அக்கா, பாத்ரூமை விட்டு வெளிய வா!” - இது தம்பி. “பாப்பா, வண்டிச் சாவியப் பாத்தியா?” - அப்பா. “ஏத்தா, இந்தச் சுகர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” - அப்பத்தா. இத்தனை கேள்விக்கும் பதில் சொல்வது ஒரே ஒரு ஆள். அதுவும் தோசையைத் திருப்பிக்கொண்டே, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே... “ஃப்ரிட்ஜ் மேல... இருடா வருவா... ஹெல்மெட்டுக்குள்ள பாருங்க... முன்னாடி அத்தை, முன்னாடி!”

அந்த ஆள் எங்கள் அம்மா. திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவுக்கு வில்லாபுரத்தில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, பைப்பு, பெயின்ட் என்று வாரம் ஏழு நாளும் வியாபாரம். தம்பி ப்ளஸ் டூ. ஃபிசிக்ஸ் டியூஷன், மேத்ஸ் டியூஷன், சனி ஞாயிறில் நீட் கோச்சிங், ஞாயிறு சாயங்காலம் போனால் போகிறதென்று ஒரு இந்தி கிளாஸ். அப்பத்தாவுக்கு 74 வயசு. சுகர், பிரஷர், சீரியல் மூன்றும் உண்டு. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். கோடிங் கிளப், ஆன்லைன் சர்டிஃபிகேட் கோர்ஸ், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்... இது பத்தாதென்று உங்கள் அபிமான இதழில் மாணவ நிருபர் வேறு!

‘எல்லார் வீடும் இப்படித்தானே?’ என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஜூலை வரைக்கும்.

அன்றைக்கு அப்பத்தாவுக்குத் திடீரென்று தலைசுத்தல். தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். “மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா பாட்டி?” என்றார். அப்பத்தா ரொம்ப அப்பாவியாக, “அது தீந்து நாலு நாளாச்சு சாமி” என்றது.

நாலு நாள்! ஒரே வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோர்ட் கூடியது. அப்பா வாங்கியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் வாங்கியிருப்பேன் என்று தம்பி நினைத்தான். அம்மா வாங்கியிருப்பாள் என்று அப்பா நினைத்தார். அப்பத்தாவோ, “எல்லாரும் பறந்துக்கிட்டே இருக்கீங்க, இதுல யாரப் புடிச்சுச் சொல்றது?” என்றது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் எழுந்து உள்ளே போனார். சண்டை போடத் தெம்பைச் சேர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், அடுப்படியில் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை சும்மா இருக்குமா? ‘இது ஒரு சாதாரண ஷெட்யூலிங் பிரச்னை மக்களே’ என்று அன்று ராத்திரியே லேப்டாப்பைத் திறந்து கூகுள் காலண்டரில் உட்கார்ந்தேன். குடும்பத்துக்கே ஒரு காலண்டர், ஆளுக்கொரு கலர். அப்பா நீலம், தம்பி பச்சை, நான் மஞ்சள், அப்பத்தா ஊதா, அம்மா சிவப்பு. ரெண்டு ராத்திரி கண்விழித்து வேலையை எல்லாம் எழுதி முடித்து, தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஸ்க்ரீன் முழுக்க ரத்தக்களறி! ஒரு வாரத்துக்கு அப்பா பேரில் 9 வேலை. தம்பிக்கு 21, எனக்கு 17, அப்பத்தாவுக்கு 6. அம்மாவுக்கு 43. அப்பாவின் கடையும் அம்மாவின் பள்ளிக்கூடமும் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

எங்கள் வீடுதான் இப்படியா என்ற சந்தேகத்தில் நெட்டில் தேடினேன். தேசிய புள்ளியியல் அலுவலகம் ‘மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள்’ என்று நாடு முழுக்க சர்வே எடுத்திருக்கிறது. 2019 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காகச் செலவழித்தது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம். செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. அஞ்சு வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படப் போனால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது. அடடா, என்னா ஒரு சமத்துவம்!

சரி, காலண்டருக்கு வருவோம். அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தவர், “மாவு ஆட்டுறதுக்கு நாப்பது நிமிஷம் போட்டிருக்க... சரி. ஊறப்போட ஞாபகம் வச்சுக்கறது எங்க?” என்றார்.

பல்பு! சுத்தமான ஆயிரம் வாட்ஸ் பல்பு. ‘கேஸ் தீரப் போகுது’, ‘தம்பி ஷூ கடிக்குதுனு சொன்னான்’, ‘நாளைக்கு அமாவாசை’, ‘அத்தைக்கு மாத்திரை இன்னும் ரெண்டுதான் இருக்கு’... இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது, எத்தனை நிமிஷம் என்று போடுவது? அந்த ஜூலை வாரம் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். அதனால் கடைசி ஐட்டம் மட்டும் தலையிலிருந்து நழுவிவிட்டது. நழுவிய அன்றைக்குத்தான் அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அசருவேனா நான்? காலண்டரில் வெள்ளையாக எங்கெல்லாம் இடம் தெரிந்ததோ அங்கெல்லாம் ஒரு வேலையைச் சொருகினேன். வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரை முதல் ஆறரை வரை அம்மா பேரில் ஒரு வெள்ளைக் கட்டம். அங்கே ‘மெடிக்கல் ஷாப், பால், காய்கறி’ என்று போட்டேன். அம்மா அதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டி, “வியாழக்கிழமை வேணாம்மா. ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ்” என்றார். சரியென்று அழித்துவிட்டு ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சிவப்பில் போட்டேன்.

அந்தக் காலண்டர் சரியாக ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. நடுச் சாப்பாட்டில் போன் ‘டிங்’ என்னும். அப்பா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போது போன் வெளிச்சமாகி ‘கீரை வாங்கவும்!’ என்று காட்டும். “அண்ணே, கீரையும் விக்க ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று ஒரு கஸ்டமர் கேட்டிருக்கிறார். அப்பா அன்றைக்கே மியூட் போட்டார். அடுத்தது தம்பி. அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் அதற்கு அலாரமே நான்தான். கடைசியில் நானே மியூட் போட்டேன். அம்மா மட்டும் போடவில்லை. ஏனென்றால் அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

இதற்கு நடுவில்தான் நம் இதழிலிருந்து எனக்கு ஒரு அசைன்மென்ட் வந்தது. ‘வண்டியூர் தெப்பக்குளத்தில் சாயங்காலம் ரீல்ஸ் எடுக்கிற பசங்க கூட்டம் ஜேஜேன்னு இருக்காம், போய் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வா!’

மதுரைக்காரர்களுக்குத் தெரியும். திருமலை நாயக்கர் கட்டிய குளம். முன்பெல்லாம் வறண்டு கிடக்கும். பசங்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் விட்டபிறகு சாயங்காலமானால் ஊரே அங்கேதான். சுற்றுச்சுவர் பூராவும் ஆட்கள். நடைப் பயிற்சி மாமாக்கள், பானிபூரி வண்டிகள், நடுக்குளத்து மைய மண்டபத்தைப் பின்னால் வைத்துத் தலையைச் சிலுப்பிக்கொள்ளும் ரீல்ஸ் நாயகர்கள். நானும் என் கிளாஸ்மேட்டிடம் கடன் வாங்கிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மூன்று குரூப்பிடம் பேசினேன். நல்ல நல்ல மொக்கை எல்லாம் கிடைத்தது. நாலாவது குரூப்பைத் தேடிப் போகும்போதுதான் பார்த்தேன்.

சுவரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுப் பை, குடை. கையில் அவித்த கடலைப் பொட்டலம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலைத் தொங்கப் போட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கடலையாக உரித்து, அவசரமே இல்லாமல்... எங்கள் அம்மா.

அன்றைக்கு வியாழக்கிழமை.

எனக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்தால் அங்கிருந்து வில்லாபுரத்துக்கு நேர் பஸ். தெப்பக்குளம் வழியே இல்லை. வேண்டுமென்றே இன்னொரு டவுன் பஸ் ஏறி வேறு திசையில் வந்தால்தான் இங்கே வர முடியும். உடம்புக்கு எதுவும் ஆகிவிட்டதா? யாரையாவது பார்க்க வந்திருக்கிறாரா? பானிபூரி வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போன் போட்டேன்.

அம்மா பையிலிருந்து போனை எடுத்தார். என் பேரைப் பார்த்தார். அடித்து முடிகிற வரை கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த கடலையை உரித்தார்.

நான் பக்கத்தில் போகவில்லை. மீதி ரெண்டு குரூப்பையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். (அந்த ரீல்ஸ் கட்டுரை கொஞ்சம் சப்பென்று இருந்ததாக எடிட்டர் சொன்னார். காரணம் இதுதான் சார்!) அம்மா ஆறே முக்காலுக்கு வந்தார். “போன் பண்ணியிருந்தியா? பஸ்ஸுல ஒரே கூட்டம், எடுக்க முடியல” என்றார். வந்த வேகத்தில் குக்கரை ஏற்றினார். முகம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி தூக்கமே வரவில்லை. அம்மா பொய் சொன்னது எனக்குப் பெரிசாக இல்லை. போனில் என் பேரைப் பார்த்தபிறகும் எடுக்காமல் வைத்தாரே, அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களிடமிருந்து ஒரு மணி நேரம் தப்பிக்க அம்மா இல்லாத ஒரு ஸ்பெஷல் கிளாஸை உருவாக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்திலும் நான்தான் ‘மெடிக்கல் ஷாப், பால், காய்கறி’ என்று சொருகப் பார்த்தேன்.

அடுத்த வாரம் இன்டர்னல் எக்ஸாம். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் ‘த்ரேஷிங்’ என்று ஒரு பாடம். ரெண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்திருந்த விஷயம்தான். பீட்டர் டென்னிங் என்பவர் 1968-லேயே இதைப் பற்றிப் பேப்பர் எழுதிவிட்டார். மற்ற டிபார்ட்மென்ட் மக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்...

கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி புரோகிராம்களை ஓடவிட்டால், ஒன்றுக்கும் மெமரியில் போதிய இடம் கிடைக்காது. இதைத் தூக்கி டிஸ்க்கில் வை, அதை எடுத்து இங்கே வை என்று மாற்றி மாற்றி வைப்பதிலேயே மெஷின் நேரம் முழுக்கப் போய்விடும். டிஸ்க் பேயாக ஓடும், உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது. கொடுமை எங்கே என்றால், டிஸ்க்கிலிருந்து வர வேண்டியதற்காகக் காத்துக்கொண்டு பிராசஸர் சும்மா நிற்கும். ‘அட, பிராசஸர் சும்மாதானே இருக்கு’ என்று அந்தக் காலத்து சிஸ்டம் இன்னும் ரெண்டு புரோகிராமை உள்ளே தள்ளும். அதோடு மொத்தமும் படுத்துவிடும்.

படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். ‘அம்மா சும்மாதானே உக்காந்திருக்கு’ என்று ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இதற்கு மருந்து என்ன என்பதும் அடுத்த பாராவிலேயே இருந்தது. ஷெட்யூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஓடுகிற புரோகிராம்களில் சிலதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். நான் ஒன்பது நாள் கலர் கலராகச் செய்தது எல்லாம் வேண்டாத வேலை!

ஆவணியில் ஒரு ஞாயிறு ராத்திரி, அப்பா கடை சாத்தி வந்தபிறகு எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்தேன். அப்பத்தாவின் டி.வி.யை அணைக்க வேண்டி வந்தது, அதுவே ஒரு போராட்டம். “ஆளுக்கு ஒண்ணை விடணும். யாரும் புதுசா எதையும் சேர்க்கக் கூடாது. இதுதான் ரூல்” என்றேன். தெப்பக்குளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதலில் நானே ஆரம்பித்தேன். கோடிங் கிளப், சர்டிஃபிகேட் கோர்ஸ் ரெண்டும் கட். “பத்திரிகை வேலையையும் விட்டுர்றேன்” என்றபோது அம்மா குறுக்கே வந்தார். “அதை மட்டும் விடாத. அது ஒண்ணுதான் நீ சிரிச்சுக்கிட்டே செய்யிற வேலை.”

அம்மா என்ன விடுவார் என்று எல்லோரும் பார்த்தோம். ரொம்ப நேரம் யோசித்தார். “ராத்திரி மூணு தினுசா டிபன் செய்யிறத விடுறேன்” என்றார். அப்பத்தாவுக்கு எண்ணெய் இல்லாத சப்பாத்தி, அப்பாவுக்கு இட்லி, எங்களுக்குத் தோசை என்று தினமும் நடப்பது. இதை விடுவதற்கு ஒரு மீட்டிங் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

தம்பி முறை வந்தது. இந்தி கிளாஸைச் சொல்வான், பெரிய தியாகம் மாதிரி ஆக்டிங் விடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நீட் கோச்சிங்” என்றான்.

ஹால் கப்சிப்.

“எனக்கு டாக்டர் வேணாம்ப்பா. அக்ரி படிக்கிறேன். ஒத்தக்கடையிலயே காலேஜ் இருக்கு. அதுக்கு நீட் தேவையில்ல, ப்ளஸ் டூ மார்க்தான்.”

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த கோச்சிங்குக்கு ரெண்டு தவணையாக 45,000 ரூபாய் கட்டியிருந்தார். கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம். கட்டினால் திருப்பித் தரமாட்டார்கள். “இத ஏண்டா முன்னாடியே சொல்லல?” என்று அம்மாதான் கேட்டார். தம்பி சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “எல்லாரும் சும்மா இருக்கும்போது சொல்லலாம்னு பார்த்தேன்மா. யாருமே சும்மா இல்ல.”

எட்டு மாசமாகப் பார்த்திருக்கிறான்! அப்பா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நாலு நாள் அவனோடு பேசவில்லை. ‘வீட்டைச் சிம்பிளாக்குறேன்’ என்று கிளம்பி, இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அஞ்சாம் நாள் கடை சாத்திவிட்டு வந்த அப்பா, தம்பி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, “அதுக்கு எவ்வளவு மார்க் வேணுமாம்?” என்றார். அவ்வளவுதான். சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த 45,000 இன்னமும் பேச்சில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால், மீட்டிங்கின் நிஜமான சண்டை வேறு இடத்தில் வெடித்தது. மொய் நோட்டில்!

எங்கள் பக்கம் முகூர்த்த மாசம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. காலையில் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம், பதினோரு மணிக்கு அனுப்பானடியில் காதுகுத்து, சாயங்காலம் அவனியாபுரத்தில் ரிசப்ஷன். அம்மாவுக்குச் சேலை மாற்றுவதே ஒரு வேலை. யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், நாம் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்கிற நீள நோட்டை எழுதுவதும் அம்மாதான், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக. “நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் எல்லாரும் போவோம். மத்தவங்களுக்கு மொய்யை ஜிபே பண்ணிரலாம்” என்றேன்.

அப்பத்தா கையில் வைத்திருந்த விசிறியைக் கீழே வைத்தது.

“ஏண்டி, போன்ல அனுப்புறது மொய்யா? உங்க தாத்தா செத்தன்னைக்கு நடுச்சாமம். விடியிறதுக்குள்ள வாசல்ல நாப்பது பேரு நின்னான். பந்தல் போட ஒருத்தன், தண்ணி தூக்க ஒருத்தன், உங்கப்பனப் புடிச்சுக்க ஒருத்தன். அவனெல்லாம் போன்லயா வந்தான்? நீ போகாத வீட்டுக்காரன் நம்ம வாசலுக்கு எப்படிடி வருவான்?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. டென்னிங் பேப்பரில் மொய் நோட்டு வராது. எதை நிறுத்தினால் என்ன அறுந்துபோகும் என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. அது தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கிறது.

கடைசியில் வழி சொன்னதும் அப்பத்தாவேதான். “அவளால முடியலைன்னா நான் போறேன். நாள் பூரா செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான கெடக்கேன்?” அட, இது யாருக்குமே தோன்றவில்லையே! ஞாயிற்றுக்கிழமை கடையை மத்தியானம் ரெண்டு மணிக்கே சாத்துவது என்பது அப்பா விட்டுக்கொடுத்த ஐட்டம். (அதற்கு மட்டும் ரெண்டு வாரம் இழுத்தடித்தார். ஞாயிறு மத்தியானம்தான் கொத்தனார்கள் வாரச் சம்பளத்தோடு வருவார்களாம். வியாபாரம் குறைந்தது நிஜம்தான்.) இப்போது டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் பின்னால் உட்கார்ந்து அப்பத்தா விசேஷத்துக்குக் கிளம்புகிற அழகைப் பார்க்க வேண்டுமே... எங்கள் வீட்டு வெளியுறவுத் துறை அமைச்சர்! திரும்பி வந்து யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு முட்டி வலி என்று ஒரு மணி நேரம் புல்லட்டின் வாசிக்கும். பந்தியில் குடித்த பாயசத்தை மட்டும் எங்களிடம் ஒப்புக்கொள்ளாது. சுகர் டெஸ்ட்டில் மாட்டிக்கொண்டது தனிக் கதை.

மாத்திரைப் பெட்டி இப்போது என் பொறுப்பு. காலண்டரில் கிடையாது. ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து ஏழு நாளைக்கும் பிரித்து வைப்பேன், எத்தனை பாக்கி என்று எண்ணுவேன். அரிசி ஊறப்போடுவது தம்பி. மூன்று தடவை மறந்தான். மூன்று தடவையும் அம்மா ஞாபகப்படுத்தாமல் இருந்தார், அதற்கு எவ்வளவு பல்லைக் கடித்தார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளும் ரவா உப்புமா. நாலாவது தடவையிலிருந்து மறக்கவில்லை. உப்புமாவுக்கு அவ்வளவு பவர்!

காலை அஞ்சே காலுக்கு இன்னமும் குக்கர் கத்துகிறது, மிக்ஸி கத்துகிறது. ஐ.டி. கார்டு இன்னமும் காணாமல் போகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மட்டும் எல்லோரும் ஒரே டிபனை ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். சில நாள் ஒருத்தரும் பேசுவதில்லை. சில நாள் தம்பி நெல் ரகங்களைப் பற்றிப் பேசி அறுக்கிறான்.

நான் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். வேலை குறைந்துவிட்டதே, இனிமேல் அம்மா வியாழக்கிழமையும் அஞ்சரைக்கே வந்துவிடுவார் என்று. முதல் வியாழன் ஆறே முக்கால். அடுத்த வியாழன் ஆறு அம்பது. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் ராத்திரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, “நான் உன்னைத் தெப்பக்குளத்துல பார்த்தேன்மா” என்றேன்.

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், “தெரியும்” என்றார். “பானிபூரி வண்டிக்குப் பின்னாடி நின்னு போன் பண்ணினியே, துப்பட்டா தெரிஞ்சுச்சு.”

“அப்புறம் ஏம்மா எடுக்கல?”

“எடுத்திருந்தா நீ பக்கத்துல வந்து உக்காந்திருப்ப.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “எதுவும் கோவமெல்லாம் இல்லடி. தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தா நல்லாருக்கும், அவ்வளவுதான்” என்றார்.

போன வாரம் அப்பா சீக்கிரமே கடையிலிருந்து வந்து, “அம்மா எங்க?” என்று கேட்டார். “பஸ் லேட்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டு நானே உலை வைத்தேன். சாதம் குழைந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். அப்பா நம் இதழைப் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் கடையில் ஆணி மடிக்கப் பழைய பேப்பர் கட்டு வாங்குவார், என்றைக்காவது இந்தப் பக்கம் அவர் கையில் சிக்க வாய்ப்பிருக்கிறது. அதைச் சொன்னேன். அம்மா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து நோட்டைத் திருத்துகிற மாதிரி முழுசாகப் படித்தார். ரெண்டு எழுத்துப் பிழையைச் சுழித்தார்.

“தெப்பக்குளம் இருந்துட்டுப் போகட்டும். அம்மாம் பெரிய குளத்துல எந்தப் பக்கம்னு தேடுவாரு? கிழமையை மட்டும் மாத்திரு.”

மாற்றிவிட்டேன்.